தமிழ்நாட்டில் கிராம சுகாதாரப் பணியாளர்களுக்குப் பல் பராமரிப்புப் பயிற்சி தருவதென்றால் எதைக் கற்றுக்கொடுக்க வேண்டும்?

எனாமல், டென்டின் என்று பல்லின் அடுக்குகளைக் காட்டும் படங்களிலிருந்து மட்டும் தொடங்காதீர்கள். பல பயிற்சிகளில் முதல் நாளே அதில் போய்விடுகிறது. மக்களைத் தேடி மருத்துவத்தில் பிரஷர், சுகர் பார்க்க வீடு வீடாகப் போகிறவர்களுக்கு மூன்று விஷயம் தெரிந்தால் போதும்: வாயைச் சரியாகப் பார்ப்பது, யாரை எவ்வளவு அவசரமாக அனுப்புவது, பல் டாக்டர் குறித்துக் கொடுத்த பல்லில் மருந்து தடவுவது. பிடுங்குவதும் அடைப்பதும் வேண்டாம். அமெரிக்காவின் அலாஸ்கா பழங்குடிக் கிராமங்களில் அதைச் செய்கிறவர்கள் அதற்கென்றே இரண்டு வருடம் படித்தவர்கள். நம் ஊரில் சட்டமும் இடம் தராது.

சின்னக் குழந்தையைப் பார்க்க, தாயும் பணியாளரும் முட்டியோடு முட்டி ஒட்டி எதிரெதிரே உட்கார வேண்டும். குழந்தை தாயின் முகத்தைப் பார்த்தபடி அவர் மடியில் இருக்கும். அப்படியே பின்னால் சாய்த்தால் தலை பணியாளர் மடிக்கு வந்துவிடும், கைகளைத் தாய் பிடித்துக்கொள்வார். அழுதால் வாய் தானே திறக்கும், பதற வேண்டாம். மேலுதட்டைத் தூக்கி, முன்பற்களைக் காஸ் துணியால் துடைத்துவிட்டு, தலை விளக்கு வெளிச்சத்தில் பாருங்கள். ஈறை ஒட்டிச் சுண்ணாம்பு தீற்றியதுபோல வெள்ளைக் கோடு இருந்தால் சொத்தை தொடங்கிவிட்டது. எச்சில் ஈரத்தில் இது தெரியாது. துடைக்காமல் பார்ப்பவர் 'பல் நன்றாக இருக்கிறது' என்று எழுதிவிட்டு வந்துவிடுவார்.

தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் இன்னொரு குழப்பம் வரும். தண்ணீரில் உள்ள ஃபுளோரைடால் வரும் பழுப்புக் கறையையும் சொத்தை என்று எழுதிவிடுவார்கள். ஃபுளோரைடு கறை பெரும்பாலும் இடது வலது இரண்டு பக்கமும் ஒரே ஜோடிப் பற்களில் ஒரே மாதிரி இருக்கும். சொத்தை எப்போதும் அப்படி ஜோடியாக வர வேண்டியதில்லை.

பெரியவர்களிடம் பல்லைவிட வாய்ச்சதைதான் முக்கியம். புகையிலை ஒதுக்கிவைக்கும் கன்னத்தின் உட்பக்கம், நாக்கின் இரு ஓரங்கள், நாக்குக்கு அடிப்பக்கம் மூன்றையும் பார்க்காமல் விடக் கூடாது. துடைத்தாலும் போகாத வெள்ளைத் திட்டு, சிவப்புத் திட்டு, இரண்டு வாரம் தாண்டியும் ஆறாத புண், தன் மூன்று விரலைச் செங்குத்தாக உள்ளே விட முடியாத அளவுக்கு இறுகிய வாய்: இதில் ஒன்று இருந்தாலும் வலி இல்லை என்பதற்காக விட்டுவிடாமல் அனுப்ப வேண்டும்.

தாடைக்குக் கீழே வீக்கம் பரவி, காய்ச்சலோடு விழுங்கச் சிரமம் என்றால் அன்றைக்கே பெரிய ஆஸ்பத்திரிக்கு. மாத்திரை கொடுத்து நாளைக்குப் பார்க்கலாம் என்ற பேச்சே கூடாது.

தடவும் மருந்து 38 சதவீத சில்வர் டையமின் ஃபுளோரைடு, சொத்தை மேலும் பரவாமல் நிறுத்தப் பயன்படும் திரவம். உலக சுகாதார நிறுவனம் 2021-இல் இதை அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்த்தது. டிரில், ஊசி, கரண்ட் எதுவும் வேண்டாம். உதட்டில் வாசலின் தடவி, பல்லின் இரு பக்கமும் பஞ்சுருளை வைத்து, குழியை உலர்த்துங்கள். அதற்குப் பிறகே பிளாஸ்டிக் கிண்ணத்தில் ஒரு சொட்டு விடுங்கள். முன்கூட்டியே ஊற்றிவைத்தால் அம்மோனியா ஆவியாகி மருந்து கெட்டுவிடும். ஒரு சொட்டு ஏறக்குறைய ஐந்து பல்லுக்கு வரும். மைக்ரோபிரஷ் என்ற மிகச் சின்னப் பிரஷ்ஷால் தொட்டு ஒரு நிமிடம் குழிக்குள் தடவ வேண்டும். சீழ்க்கொப்புளம் இருந்தாலோ, இரவில் தானாகவே வலி எடுத்தாலோ, ஈறில் புண் இருந்தாலோ, வெள்ளி ஒவ்வாமை என்றாலோ தடவக் கூடாது.

சண்டை வருவது நிறத்தால்தான். சொத்தை இருந்த இடம் கறுத்துவிடும், திரும்ப வெளுக்காது. கறுத்த முன்பல்லின் போட்டோவைக் காட்டி, பெற்றோரிடம் கையெழுத்து வாங்கிவிட்டுத்தான் பாட்டிலைத் திறக்க வேண்டும். தோலில் பட்டால் சில நாளில் போய்விடும், துணியில் பட்டால் போகாது. ஆறு மாதம் கழித்து மறுபடி தடவ வேண்டும். அந்தத் தேதியைத் தடவும் அன்றே நோட்டில் ஏற்றிவிடுங்கள்.

அனுப்பும் சீட்டில் 'பல் டாக்டரைப் பார்க்கவும்' என்று மட்டும் எழுதினால் பலர் போகவே மாட்டார்கள். எந்த ஆரம்ப சுகாதார நிலையம், டாக்டர் எந்தெந்தக் கிழமை இருப்பார், எத்தனை மணிக்குள் சீட்டுப் போட வேண்டும் என்று எழுதிக் கொடுங்கள். அடுத்த முறை அந்த வீட்டுக்குப் போகும்போது முதலில் அந்தச் சீட்டைக் கேளுங்கள்.