முதுகெலும்பு இணைப்பு அறுவைக்குப் பிறகும் தீராத நரம்பு வலி: ஊசி போட்டுக்கொள்ளலாமா?

கீழ்முதுகில் எலும்பை இணைத்து ஓராண்டு கடந்தும் வலி கால் வரை இறங்குகிறது, மருத்துவர் ஸ்டீராய்டு ஊசி போடலாம் என்கிறார், பயமாக இருக்கிறது என்று கேட்டிருக்கிறீர்கள். எனக்கும் எல்4-எல்5 (கீழ்முதுகின் நான்காம், ஐந்தாம் எலும்புகள்) இணைப்புதான். திருகும் கம்பியும் உள்ளே இருக்கின்றன, ஊசியும் போட்டுக்கொண்டேன். நான் மருத்துவர் அல்ல, நோயாளி.

போட்டுக்கொள்ளலாம் என்பேன். ஆனால் வலி ஒழிந்துவிடும் என்ற நம்பிக்கையோடு போகாதீர்கள். எந்த இடத்திலிருந்து வலி கிளம்புகிறது என்று கண்டுபிடிக்கும் சோதனை என்று நினைத்துக்கொண்டு போனால் ஏமாற்றம் குறையும். இணைப்புக்குப் பிந்தைய வலிக்குக் காரணங்கள் பல. நரம்பைச் சுற்றித் தழும்புத் திசு வளர்ந்திருக்கலாம். இணைத்த பகுதி அசையாததால் அதற்கு மேலோ கீழோ உள்ள டிஸ்க் (எலும்புகளுக்கு இடையிலுள்ள மெத்தை) கூடுதல் சுமை தாங்கித் தேய்ந்திருக்கலாம். எலும்பு கூடாமல் திருகு தளர்ந்திருக்கலாம். நெடுநாள் நசுங்கிக் கிடந்த நரம்பு, விடுபட்ட பிறகும் வலித்துக்கொண்டே இருப்பதும் உண்டு. ஊசி மருந்து நரம்பைச் சுற்றியுள்ள அழற்சியைத் தணிக்கும், அவ்வளவுதான். தழும்பைக் கரைக்காது, திருகை இறுக்காது.

அதனால் மருத்துவரிடம் முதலில் கேட்க வேண்டியது: எந்த நரம்புக்கு, எந்த வழியாக? அறுவையில் பின்பக்க எலும்பை எடுத்திருந்தால் அங்கே தழும்பு மண்டியிருக்கும். அதன் வழியே ஊசியைச் செலுத்தினால் தண்டுவட உறை கிழிபடும் வாய்ப்பு அதிகம். எனவே பெரும்பாலும் வால் எலும்புப் பக்கமிருந்தோ, நரம்பு வெளிவரும் பக்கவாட்டுத் துளை வழியாகவோ போடுகிறார்கள். எக்ஸ்-ரே திரையில் சாயமருந்து பரவுவதைப் பார்த்துத்தான் போட வேண்டும். கண்மதிப்பில் போடுவதற்கு ஒப்புக்கொள்ளாதீர்கள்.

குப்புறப் படுக்கவைத்து வயிற்றுக்கடியில் தலையணை வைப்பார்கள். மரப்பு ஊசி சுரீரென்று எரியும். பிறகு மருந்து இறங்கும்போது காலில் ஓர் அழுத்தம் பரவும். "வழக்கமாக வலிக்கும் இடம் இதுதானா?" என்று என்னைக் கேட்டார்கள். வலியைப் பொறுத்துக்கொள்வதில் வீரம் காட்டாமல் உள்ளதைச் சொல்லுங்கள். ஊசி சரியான இடத்தைத் தொட்டதா என்று கணிக்க அவர்களுக்கு அதுவும் உதவும்.

அடுத்த சில மணி நேரம் மிக முக்கியம். ஸ்டீராய்டோடு சேர்த்துப் போடும் மரப்பு மருந்து வேலை செய்யும் அந்த நேரத்தில், காலில் தெம்பு இருந்தால், வழக்கமாக வலியைக் கிளப்பும் செயலைச் செய்து பார்த்து எழுதி வையுங்கள். வலி அடங்கினால் அந்த நரம்புதான் குற்றவாளி என்பதற்கு வலுவான சாட்சி. மரப்பு விட்டதும் வலி திரும்பும். பலரும் மனம் உடைவது அப்போதுதான். ஸ்டீராய்டு வேலை செய்யச் சில நாட்கள் பிடிக்கும். எனக்குக் கெண்டைக்கால் எரிச்சல் சில வாரங்கள் நன்றாகக் குறைந்தது. கால் கட்டைவிரல் மரப்பு அப்படியே இருக்கிறது. அந்த வாரங்களில் பிசியோதெரபி செய்ய முடிந்தது என்பதே எனக்குக் கிடைத்த பெரிய ஆதாயம்.

முதல் ஊசியில் துளியும் பயன் இல்லாதபோது, "மூன்று போட்டால்தான் பலன்" என்று சொன்னால் காரணம் கேளுங்கள். திரும்பத் திரும்பப் போடும் ஸ்டீராய்டு எலும்பையும் பலவீனப்படுத்தும்.

ஆபத்து உண்டு, அரிதாக. பார்வையிழப்பு, பக்கவாதம், கை கால் செயலிழப்பு, மரணம் ஆகியவை நேரக்கூடும் என்று அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2014இல் எச்சரித்தது. பக்கவாட்டு வழி என்றால், துகள் இல்லாத ஸ்டீராய்டான டெக்சாமெத்தசோன் போடுவார்களா என்று கேளுங்கள். துகள் உள்ள மருந்து ரத்தக் குழாயில் போய் அடைத்துக்கொள்ளக்கூடும். சர்க்கரை நோய் இருந்தால் சில நாட்கள் அளவு எகிறும். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுபவர் முன்பே சொல்லிவிட வேண்டும். தானாக நிறுத்தவும் கூடாது.

ஊசிக்குப் பின் காய்ச்சல், உட்கார்ந்தால் கூடும் கடும் தலைவலி, காலில் புதிய பலவீனம், தொடையிடுக்கில் மரப்பு, சிறுநீர் மலம் கட்டுப்படாமை, இவற்றில் எது வந்தாலும் விடியட்டும் என்று காத்திருக்காமல் உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.