லோரி ஏறி வந்த சாப்பாடு

வணக்கம் ஐயா,

உங்கள் ரப்பர் தோட்டத்துக் கட்டுரைகளைத் தொடர்ந்து வாசித்து வருகிறேன். நானும் சுங்கை சிப்புட்தான். தோட்டம் விற்கப்பட்டு நாங்கள் வீடமைப்புத் தாமானுக்குக் குடிவந்தபோது எனக்குப் பதினோரு வயது. இப்போது 43. ஈப்போ பக்கம் ஒரு தொழிற்சாலையில் லைனில் நிற்கிறேன். ஏழு முதல் ஏழு வரை வேலை. ஒரு மாதம் பகல், ஒரு மாதம் இரவு. பகல் வேலையென்றால் காலை 5.50க்கு கம்பெனி பஸ் வரும். விட்டால் அன்றைய சம்பளம் போச்சு என்று 5.30க்கே போய் நின்றுவிடுவேன். திரும்பி வர இரவு எட்டு. அப்புறம் சமையல், பிள்ளைகள், மாமியாரின் மருந்து. கணவர் லோரி ஓட்டுகிறார், வாரத்தில் பாதி நாள் வீட்டில் இருக்க மாட்டார்.

போன மாதம் அரசாங்க கிளினிக்கில் ரத்தம் எடுத்தார்கள். மூன்று மாத சீனி அளவு 6.1. "பார்டர்ல நிக்குது, சோத்தைக் குறைங்க, எக்சசைஸ் பண்ணுங்க, ஆறு மாசம் கழிச்சுத் திரும்ப எடுப்போம்" என்றார் மிசி (நர்ஸ்). எங்கள் அப்பா இனிப்பு நீரில் (நீரிழிவில்) காலை இழந்தவர். பயமாக இருக்கிறது.

யூடியூப் பார்த்துக் குதித்தேன், பத்து நாள். தினமும் பத்தாயிரம் அடி என்று போனில் வைத்தேன், ஒரு வாரம். ஓட்ஸ் வாங்கினேன், இப்போது வண்டு சாப்பிடுகிறது. எனக்கு மனவுறுதி இல்லையோ என்று தோன்றுகிறது. இந்த ஊக்கத்தை எப்படி விடாமல் பிடித்து வைப்பது? அப்புறம் ஒரு சின்னக் கேள்வி: 300 வெள்ளிக்கு நல்ல ஷூ ஒன்று வாங்கினால் அந்தக் காசுக்காகவாவது நடப்பேனா?

ச.,
சுங்கை சிப்புட்

*

அன்புள்ள ச.,

உங்கள் பஸ்ஸை எனக்குத் தெரியும். நான் நடக்கப் போகும் நேரத்தில் பாடாங் முனையில் வந்து நிற்கும். உள்ளே பாதிப்பேர் கண்ணாடியில் தலை சாய்த்துத் தூங்கிக்கொண்டிருப்பார்கள். அதில் ஒருவர் நீங்கள் என்று இனிமேல் நினைத்துக்கொள்வேன்.

ஊக்கம் என்ற சொல்லை என் அம்மா சொல்லி நான் கேட்டதே இல்லை. நாலு மணிக்கு எழுவார். சோறாக்கி, மங்கில் தேத்தண்ணி ஊற்றி வைத்துவிட்டு, இருட்டோடு பெரட்டுக்கு, அதாவது ஆள் கணக்கெடுக்கும் இடத்துக்குப் போவார். தோட்டத்துக் குமாஸ்தாவான கிராணி பேர் கூப்பிடுவார், இவர் குரல் கொடுப்பார், அவ்வளவுதான். குளிர்ச்சியில்தான் ரப்பர் பால் நன்றாக இறங்கும் என்பதால் வெயில் ஏறுவதற்குள் வெட்டி முடிக்க வேண்டும். ஒரு நிரைக்கு ஐந்நூறு மரம் வரும். கீழ் வெட்டு மரமானால் ஒவ்வொன்றுக்கும் குனிய வேண்டும். ஐந்நூறு முறை குனிந்து நிமிர்வதற்கு இன்றைக்கு ஜிம்மில் ஒரு பேர் வைத்திருக்கிறார்கள், கட்டணமும் வாங்குகிறார்கள். வெட்டி முடித்தபின் அதே ஐந்நூறு மரத்தையும் இன்னொரு சுற்று போய்ப் பால் எடுத்து, காண்டாக் கம்பில் இரண்டு வாளியைத் தொங்கவிட்டு ஸ்டோருக்கு நடப்பார். வீட்டுக்கு வந்து மலை மாதிரி சோறு போட்டுச் சாப்பிடுவார். டின் பால் போட்ட தேத்தண்ணி மூன்று மங்கு குடிப்பார். அத்தனையும் எரிந்துவிடும்.

எங்கள் தோட்டத்தில் முதன்முதலாக இனிப்பு நீர் வந்தவர் ஆபீசில் உட்கார்ந்து கணக்கெழுதிய கிராணிதான். அது பெரிய மனிதர்களுக்கு வரும் வியாதி என்று பிள்ளைகள் நாங்கள் கொஞ்சம் பொறாமைகூடப் பட்டோம். லண்டனில் ஜெர்ரி மாரிஸ் என்ற மருத்துவர் மாடி பஸ்களில் இதே சங்கதியைப் பார்த்து 1953இல் எழுதினார். நாளெல்லாம் உட்கார்ந்து ஓட்டியவர்களைவிட, படியேறி இறங்கி டிக்கெட் கொடுத்த கண்டக்டர்களுக்கு மாரடைப்பு குறைவாக இருந்தது. ஒரே பஸ்தான், ஒரே சாலைதான்.

நமக்கு நடந்தது என்னவென்றால், தோட்டத்தை விட்டு வந்தபோது வேலை அங்கேயே நின்றுவிட்டது. சாப்பாடு மட்டும் பானை சட்டியோடு லோரி ஏறித் தாமானுக்கு வந்துவிட்டது. மலேசியச் சுகாதார அமைச்சின் 2023ஆம் ஆண்டு ஆய்வில் நாட்டில் வயது வந்தவர்களில் 15.6 விழுக்காட்டினருக்கு இனிப்பு நீர், பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு எடை அதிகம். இனவாரியாகப் பார்த்தால் இனிப்பு நீரில் இந்தியர்களாகிய நாம்தான் முன்னால் நிற்கிறோம். இதில் உங்கள் மனவுறுதியை மட்டும் கூண்டில் ஏற்றுவது நியாயமாகப் படவில்லை.

மனவுறுதி உங்களிடம் உண்டு என்பதற்குச் சாட்சி வேண்டுமா? தைப்பூசத்துக்கு விரதம் இருந்திருப்பீர்கள். நம்மூரிலிருந்து கல்லுமலைக்குப் பால்குடம் எடுக்கிறவர்களில் எத்தனை பேர் 48 நாள் இருக்கிறார்கள்! விடியுமுன் குளியல், கவிச்சி கிடையாது, பாய் போட்டுத் தரையில் படுக்கை. அன்றைக்கு புந்தோங்கிலிருந்து வெறுங்காலோடு நடை. இதற்கு யாரும் போனில் செயலி வைத்துக்கொள்வதில்லை. நாள் முன்னாலேயே குறித்தாகிவிட்டது, கழுத்தில் மாலை கிடக்கிறது, வீட்டில் ஒரே சமையல், பக்கத்து வீட்டுக்கும் தெரியும். நழுவ இடமில்லை. ஆனால் இதையும் சொல்லிவிடுகிறேன்: விரதம் முடிந்த மறுநாள் ஆட்டிறைச்சிக் கடையில் வரிசையில் நின்றவர்களில் நானும் ஒருவன். 48 நாளில் இறக்கியதைப் பத்தே நாளில் ஏற்றியிருக்கிறேன். அதனால் விரதத்திலிருந்து அந்தக் கட்டுக்கோப்பை மட்டும் எடுத்துக்கொள்ளலாம், கடுமை வேண்டாம்.

உங்கள் நாளில் புதிதாக ஒரு மணி நேரத்தை எங்கே தேடுவது? கிடைக்காது. ஆனால் கடிதத்திலேயே ஒரு இருபது நிமிடத்தைப் போட்டுவிட்டுப் போயிருக்கிறீர்கள். 5.30க்குப் போய் 5.50 வரை நிற்கிறீர்களே, அது. உங்கள் நிறுத்தத்துக்கு அடுத்த நிறுத்தம் எது? அங்கே போய் ஏறுங்கள். தனியாக வேண்டாம், அந்த நேரத்தில் நாயும் இருக்கும், பை பறிக்கிறவனும் இருப்பான். உங்களோடு ஏறுகிற இன்னொரு பெண்ணைப் பேசிச் சேர்த்துக்கொள்ளுங்கள். அவர் வந்து நிற்பார் என்பதற்காக நீங்கள் போவீர்கள், நீங்கள் நிற்பீர்கள் என்பதற்காக அவர் வருவார். நான் பெரட்டு என்று சொல்வது இதைத்தான்.

எனக்கும் அப்படி ஒருவர் உண்டு. பின்வீட்டு அண்ணன், ஆஸ்பத்திரியில் அட்டெண்டராக இருந்து ஓய்வு பெற்றவர். காலையில் என் சன்னலில் டார்ச்சை இரண்டு முறை அடிப்பார். கூப்பிட மாட்டார், பெல் அடிக்க மாட்டார். நான் எழாவிட்டால் அவர் பாட்டுக்குப் போய்விடுவார். மறுநாள் "நேத்து ஏன் வரல?" என்று ஒரு வார்த்தை கேட்டதில்லை. திரும்பவும் இரண்டு வெளிச்சம். ஏழு வருடமாக நான் நடப்பது அந்த டார்ச்சினால்தான். அவர் கேள்வி கேட்கிற ஆளாக இருந்திருந்தால் மூன்றாம் மாதமே பொய் சொல்லக் கற்றுக்கொண்டிருப்பேன்.

விட்டுப்போன நாளைப் பற்றி நீங்கள்தான் அதிகம் கவலைப்படுகிறீர்கள். லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் 96 பேரை வைத்து ஒரு ஆய்வு நடந்தது, 2010இல் அச்சானது. ஒரு புதிய பழக்கம் தானாக நடக்கத் தொடங்கச் சராசரியாக 66 நாள் பிடித்தது. சிலருக்கு 18 நாள், சிலருக்கு 254 நாள் என்று கணக்குப் போட்டார்கள். நடுவில் ஒரு நாள் விட்டவர்களுக்குப் பெரிதாக ஒன்றும் கெட்டுப்போகவில்லை. நீங்கள் பத்தாம் நாளில் கணக்கை மூடிவிட்டீர்கள்.

பத்தாயிரம் அடி சங்கதியும் அப்படித்தான். 1965இல் ஜப்பானில் அடி எண்ணும் கருவி ஒன்றைச் சந்தைக்குக் கொண்டுவந்தவர்கள் அதற்கு 'பத்தாயிரம் அடி மீட்டர்' என்று பெயர் வைத்தார்கள். வியாபாரப் பெயர், மருத்துவர் எழுதிக் கொடுத்த அளவில்லை. உலகச் சுகாதார நிறுவனம் சொல்வது வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிடம், பேச முடிகிற, பாட முடியாத வேகத்தில். ஒரே மூச்சில் பத்து நிமிடமாவது செய்தால்தான் கணக்கு என்று முன்பு ஒரு நிபந்தனை இருந்தது. 2020இல் அதையும் எடுத்துவிட்டார்கள். காலையில் பதினைந்து நிமிடம் பஸ்ஸுக்கு நடை, கேன்டீனில் சாப்பிட்டதும் கட்டடத்தைச் சுற்றி ஒரு பத்து நிமிடம். சாப்பிட்டவுடன் நடக்கும் நடைக்கு ஒரு தனி லாபம் உண்டு. ரத்தத்தில் சீனி ஏறும் நேரத்தில் தசை அதை இழுத்துக்கொள்ளும்.

இரவு ஷிப்ட் மாதத்தில் இதையெல்லாம் பாதியாகக் குறைத்துக்கொள்ளுங்கள். காலையில் இறங்கியதும் திரைச்சீலையை இழுத்துவிட்டுத் தூங்குங்கள். தூக்கம் கெட்டால் பசி கூடும், அதுவும் இனிப்புக்கும் பொரித்ததுக்கும்தான் நாக்கு ஏங்கும். தூங்குவதை விட்டுவிட்டுப் போய் நடக்காதீர்கள்.

இனி தேத்தண்ணி. இதில் கொஞ்சம் நேரம் நிற்கப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஒருநாள் வீட்டுத் தராசைத் தூக்கிக்கொண்டு வழக்கமாகப் பசியாறும் கடைக்குப் போனேன். தண்ணி கலக்கும் தம்பியிடம், "தே தாரிக்குக்கு எப்படி ஊத்துவியோ அப்படியே இதுல ஊத்து" என்று வெறும் கிளாஸை நீட்டினேன். சுகாதார இலாகா ஆளோ என்று முதலில் மிரண்டான். அப்புறம் டின்னைக் கவிழ்த்தான். கெட்டிப்பால் மெதுவாக, நூல் மாதிரி, அறுபடாமல் இறங்கியது. 50 கிராம். கெட்டிப்பாலில் சேர்க்கும் சீனியே பாதிக்குக் கிட்ட வரும். ஆக, ஒரு கிளாஸில் இருபது கிராமுக்கு மேல். ஒரு நாளைக்கு 50 கிராமுக்குள், முடிந்தால் 25க்குள் என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் அளவு. நான் அப்போது மூன்று கிளாஸ் குடித்துக்கொண்டிருந்தேன். 100 மில்லிக்கு 5 கிராமுக்கு மேல் சீனி உள்ள பாட்டில், டின் பானங்களுக்கு 2019 ஜூலையிலிருந்து நம் அரசாங்கம் வரி போடுகிறது. கடையில் ஆற்றித் தரும் தேத்தண்ணிக்கு அந்த வரி கிடையாது. தம்பி பிழைத்தான்.

'குராங் மானிஸ்' (இனிப்பு குறைவாக) என்று சொல்லிப் பார்க்காதீர்கள்; அது ஒவ்வொரு கடையிலும் ஒவ்வொரு கை. 'தே ஓ கோசோங்' (பாலும் சீனியும் இல்லாத தேத்தண்ணி) என்று சொல்லிவிடுங்கள், எல்லாக் கடையிலும் ஒரே அர்த்தம். முதல் இரண்டு வாரம் கஷாயம் மாதிரி இருக்கும். வாரத்தில் ஒருநாள், விடுமுறையன்று, பிடித்த கடையில் நுரையோடு ஒரு தே தாரிக் குடியுங்கள். நான் குடிக்கிறேன்.

சோற்றுக்கு 'சுகு சுகு செபாரோ' (கால், கால், அரை) படம் கிளினிக் சுவரில் ஒட்டியிருக்கும், பார்த்திருப்பீர்கள். தட்டில் கால் பங்கு சோறு, கால் பங்கு மீன், முட்டை, பருப்பு, மீதி அரைப் பங்கு காய், கீரை, பழம். படத்தில் எளிது. நம் வீட்டில் அகப்பை மாமியார் கையில் இருக்கிறது. உங்களுக்கென்று தனியாக ஓட்ஸ், தனியாக வேகவைத்த காய் என்று போனால் ஒரு வாரத்தில் நீங்கள் நோயாளி ஆகிவிடுவீர்கள், மற்றவர்கள் கோழி வறுவல் சாப்பிடுவார்கள். அதே சமையலைச் செய்யுங்கள். கங்கோங்கையோ முருங்கைக் கீரையையோ இரண்டு மடங்காக வதக்குங்கள். தட்டில் முதலில் கீரை, அப்புறம் மீன், கடைசியில் மீதியிருக்கும் இடத்தில் சோறு. மாமியாருக்கும் மருந்து இருக்கிறதென்றால் அவருக்கும் இதே தட்டு நல்லதுதான். ஆனால் அவர் மருந்து சீனிக்கானது என்றால் சோற்றைச் சட்டென்று வெட்டிவிடாதீர்கள், கிளினிக்கில் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். இரவு எட்டரைக்குப் பசியோடு அடுப்பில் நிற்பதுதான் உங்கள் ஆபத்தான நேரம். பஸ்ஸில் வரும்போதே ஒரு அவித்த முட்டையோ கொய்யாவோ சாப்பிட்டுவிட்டால் சட்டியிலிருந்து எடுத்து வாயில் போடுவது குறையும்.

ஆறு மாதம் கழித்து எடுக்கச் சொன்ன ரத்தப் பரிசோதனையைத் தள்ளிப்போடாதீர்கள். அப்பாவுக்கு நடந்ததை மிசியிடம் சொன்னீர்களா? இல்லையென்றால் அடுத்த முறை சொல்லுங்கள். குடும்பத்தில் உண்டு என்பது அவர்கள் குறித்துவைக்க வேண்டிய விஷயம்.

ஷூ. காசுக்காக நடப்பீர்கள் என்று எனக்கு நம்பிக்கையில்லை. நான் ஈப்போவில் ஒரு வருட ஜிம் கட்டணத்தை முன்கூட்டியே கட்டிவிட்டுப் பதினொரு நாள் போனவன். ஆனால் நாள் முழுக்க நிற்கிற காலுக்கு நல்ல ஷூ தேவைதான், 300 வெள்ளி வேண்டாம், நூறு வெள்ளிக்குள்ளேயே கிடைக்கும். வேலை முடிந்து சாயங்காலம் போய் வாங்குங்கள். நின்று நின்று கால் கொஞ்சம் வீங்கியிருக்கும், அந்தக் காலுக்குப் பொருந்துகிறதா என்று பாருங்கள். கட்டை விரலுக்கு முன்னால் ஒரு விரல் அகலம் இடம் இருக்கட்டும்.

அன்புடன்