டி.பி. கிருமியை மீனுக்குள் பார்த்தவர்: வாசகர் கேள்வி பதில்

காசநோய்க் கிருமியை ஆராயும் லலிதா ராமகிருஷ்ணனைப் பற்றிப் போன இதழில் சில வரிகள் எழுதியிருந்தோம். அதைப் படித்துவிட்டு நிறையப் பேர் கேள்வி அனுப்பியிருக்கிறீர்கள். அதனால் இந்த வாரம் முழுக்க அவர் வேலையைப் பற்றித்தான்.

வெங்கி ராமகிருஷ்ணனின் தங்கைதானே இவர்? அவர் படித்தது என்ன, எங்கே?
(ஆசிரியை, சிதம்பரம்)

ஆமாம், தங்கைதான். அண்ணன் உங்கள் ஊரில் பிறந்தவர், 2009இல் வேதியியலுக்கான நோபல் பரிசு வாங்கியவர். ஆனால் லலிதாவைப் பற்றிப் பேசும்போதெல்லாம் அண்ணனில் தொடங்குவது எனக்குப் பிடிப்பதில்லை, ஏனென்றால் காசநோய் ஆராய்ச்சியில் இருப்பவர்களுக்கு லலிதா பெயரைச் சொன்னாலே போதும். அப்பாவும் அம்மாவும் விஞ்ஞானிகள், வளர்ந்தது பரோடாவில். அங்கேயே எம்.பி.பி.எஸ். முடித்து, அமெரிக்காவில் டஃப்ட்ஸ் பல்கலைக்கழகத்தில் நோய் எதிர்ப்பியலில் பிஎச்.டி. வாங்கினார். அதோடு நிற்காமல் மறுபடி மருத்துவப் பயிற்சிக்குப் போய், தொற்றுநோய்ச் சிறப்புப் பயிற்சியும் எடுத்து, அப்புறம்தான் ஸ்டான்ஃபோர்டில் நுண்ணுயிரியல் அறிஞர் ஸ்டான்லி ஃபால்கோவின் ஆய்வகத்துக்குள் நுழைந்தார். 2001இலிருந்து சியாட்டிலில் வாஷிங்டன் பல்கலைக்கழகம், 2014இலிருந்து இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜ். 2018இல் ராயல் சொசைட்டி உறுப்பினரானார். மருத்துவம் படித்துவிட்டு ஆராய்ச்சிக்குப் போகலாமா என்று கேட்டிருந்த இரண்டு மாணவர்களுக்கும் இதுவே பதில். நீளமான பாதைதான், ஆனால் நோயாளியையும் கிருமியையும் சேர்த்துப் பார்க்கிற கண் அப்படித்தான் கிடைக்கிறது.

மனுஷனுக்கு வருகிற டி.பி.யை ஆராய மீன் எதற்கு?
(கல்லூரி மாணவர், திண்டுக்கல்)

முதல் காரணம் நேரம். காசநோய்க் கிருமி ஒன்று இரண்டாவதற்கு ஏறக்குறைய 20 மணி நேரம் ஆகும். தட்டில் வளர்த்துக் கண்ணால் பார்க்கவே வாரக்கணக்கில் காத்திருக்கவேண்டும். காற்றில் பரவும் என்பதால், அதைக் கையாள உயர்பாதுகாப்பு ஆய்வகமும் வேண்டும். லலிதா அதன் நெருங்கிய சொந்தமான மைக்கோபாக்டீரியம் மரைனம் என்ற கிருமியைப் பிடித்தார். மீனுக்கும் தவளைக்கும் டி.பி. மாதிரியே நோயைக் கொடுக்கும் கிருமி அது. சில மணி நேரத்தில் இரண்டாகிவிடும், ஆய்வகத்தில் இருப்பவர்களுக்கும் ஆபத்து குறைவு.

முதலில் தவளையில் வேலை செய்தார். பிறகு ஜீப்ரா மீனுக்கு மாறினார், மீன் தொட்டி வைத்திருப்பவர்களுக்குத் தெரிந்த அதே கோடுபோட்ட சின்ன மீன்தான், நம் நாட்டு ஆறுகளிலும் வாழ்வது. அதன் குஞ்சு கண்ணாடி போலத் தெளிவாக இருக்கும். ஒளிரும் கிருமியை உள்ளே செலுத்திவிட்டு நுண்ணோக்கியில் வைத்தால், உயிரோடு இருக்கும் உடம்புக்குள் கிருமியை வெள்ளணு விழுங்குவது, அதைத் தூக்கிக்கொண்டு திசுவுக்குள் போவது, மற்ற அணுக்கள் வந்து சேர்வது எல்லாவற்றையும் நேரடியாகப் பார்க்கலாம். 2002இல் அவர் குழு இதை வெளியிட்டது. நோயாளியின் நுரையீரலில் இதைப் பார்க்க வழியே இல்லை. அங்கே நமக்குக் கிடைப்பது கடைசிக் காட்சி மட்டும்தான், அதுவும் எக்ஸ்ரேயில் ஒரு நிழலாக.

அப்படிப் பார்த்ததில் புதிதாக என்ன தெரிந்தது?
(மருந்தாளுநர், கோவில்பட்டி)

என்னை ரொம்ப யோசிக்கவைத்தது இந்த விஷயம்தான். டி.பி. கிருமி உள்ளே வந்ததும் உடம்பின் மேக்ரோஃபேஜ் அணுக்கள் (கிருமியை விழுங்கும் வெள்ளணுக்கள்) அதைச் சுற்றிக் கூடி ஒரு கட்டி போல ஆகும், அதற்குப் பெயர் கிரானுலோமா. கிருமியை அடைத்துவைக்க உடம்பு கட்டுகிற சுவர் என்றுதான் பாடப்புத்தகங்கள் சொல்லிவந்தன. மீன் குஞ்சில் பார்த்தபோது, தொற்றின் ஆரம்ப நாட்களில் நடப்பது வேறாக இருந்தது. கிருமி தங்கியிருந்த அணு சாகும், புதிதாக வந்த அணுக்கள் அந்தப் பிணத்தை விழுங்கும், கூடவே உள்ளே இருந்த கிருமிகளும் அவற்றுக்குள் போய்விடும். ஒரு அணுவில் இருந்த கிருமி இப்போது பல அணுக்களில். அவற்றில் சில கட்டியை விட்டு வெளியேறி வேறு இடத்தில் புதுக் கட்டியைத் தொடங்கிவைக்கும். அதாவது உடம்பு அனுப்பிய ஆட்களையே கிருமி தன் குடியிருப்பாக்கிக்கொள்கிறது. 2009இல் இதை வெளியிட்டார்கள்.

அந்த அணுக்களை வேகமாக இழுத்துவரும் திறன் கிருமியின் மரபணுத் தொகுப்பில் ஆர்.டி.1 என்ற பகுதியில் இருக்கிறது. நம் குழந்தைகளுக்குப் போடுகிற பி.சி.ஜி. தடுப்பூசிக் கிருமியில் இல்லாமல் போனதும் அதே பகுதிதான்! கிரானுலோமா முழுக்கக் கெட்டது என்று இதற்கு அர்த்தம் இல்லை. மேக்ரோஃபேஜ் போதாமல் போனால் கட்டி உடைந்து கிருமி வெளியே கொட்டிப் பெருகும் என்பதையும் இவர்கள்தான் காட்டினார்கள்.

எதிர்ப்பு சக்தியைக் கூட்டிக்கொண்டால் டி.பி. வராதா? லேகியம், பவுடர் எல்லாம் விற்கிறார்களே?
(இல்லத்தரசி, ஈரோடு)

நல்ல சாப்பாடு அவசியம், சத்துக்குறைவு டி.பி.க்கு வழிவிடும் என்பதில் சந்தேகமே இல்லை. ஆனால் "கூட்டுவது" என்ற எண்ணமே சரியில்லை. அழற்சியை, அதாவது கிருமியை எதிர்த்து உடம்பு காட்டும் கொதிப்பை, கூட்டிக் குறைக்கும் எல்.டி.ஏ.4.ஹெச். என்ற மரபணுவை வைத்து லலிதா குழு மீனில் காட்டியது இதுதான்: அழற்சி குறைந்தாலும் கிருமி பெருகுகிறது, அளவுக்கு மீறினாலும் அணுக்கள் செத்துக் கிருமி பெருகுகிறது. வியட்நாமில் மூளைக்காய்ச்சல் டி.பி. வந்தவர்களைப் பார்த்தபோது, அழற்சி அதிகமாகும் மரபணு வகை உள்ளவர்களுக்கு அழற்சியைத் தணிக்கும் ஸ்டீராய்டு மருந்து நன்றாக உதவியதாகத் தெரிந்தது. இந்தோனேசியாவில் பார்த்தபோது அந்த மரபணுத் தொடர்பு தெரியவில்லை. மனிதர்களைப் பொறுத்தவரை இது முடிந்த கதை இல்லை. பவுடருக்குக் கொடுக்கிற காசுக்கு முட்டையும் பருப்பும் வாங்குங்கள்.

உலகில் கால்வாசிப் பேருக்கு உள்ளே டி.பி. தூங்குகிறது என்கிறார்களே, பயமாக இருக்கிறது.
(வங்கி ஊழியர், தஞ்சாவூர்)

இந்தக் கணக்கையே லலிதாவும் மார்செல் பேர், பால் எடெல்ஸ்டைன் என்ற இரு ஆய்வாளர்களும் சேர்ந்து 2018, 2019இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் கேள்வி கேட்டார்கள். தோலில் ஊசி போட்டுப் பார்க்கும் சோதனையோ ரத்தச் சோதனையோ பாசிட்டிவ் என்றால், உடம்புக்கு அந்தக் கிருமியை ஞாபகம் இருக்கிறது என்றுதான் பொருள், உயிரோடு கிருமி இருக்கிறது என்று பொருள் இல்லை. சிகிச்சை முடிந்து குணமானவர்களுக்கும் பாசிட்டிவாகவே இருக்கலாமே. அப்படி பாசிட்டிவாக இருப்பவர்களுக்கு எதிர்ப்பு சக்தி குறைந்துபோனாலும் பெரும்பாலானவர்களுக்கு டி.பி. வருவதில்லை. நோய் வருகிறவர்களில் பெரும்பாலோருக்குத் தொற்றி இரண்டு ஆண்டுக்குள் வந்துவிடுகிறது. எல்லோரும் இதை ஒப்புக்கொள்ளவில்லை, ஆனால் எனக்கு இந்த வாதம் வலுவாகப் படுகிறது. இது சரியென்றால், நோயாளியோடு அண்மையில் ஒரே வீட்டில் இருந்தவர்களைத்தான் முதலில் கவனிக்கவேண்டும். உங்கள் வீட்டில் யாருக்காவது வந்திருந்தால் பயந்துகொண்டே இருக்காமல் எல்லோரும் போய்ப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள்.

வீட்டில் மீன் தொட்டி இருக்கிறது. எங்களுக்கும் டி.பி. வருமா?
(வாசகர், கொளத்தூர், சென்னை)

நுரையீரல் டி.பி. வராது. மரைனம் கிருமிக்குக் குறைந்த சூடுதான் பிடிக்கும், 30 டிகிரி வாக்கில்தான் நன்றாக வளரும், அதனால் மனிதனுக்கு வந்தால் பெரும்பாலும் விரல், கைத் தோலோடு நின்றுவிடும். கையில் வெட்டுக்காயம் இருந்தால் தொட்டியைக் கழுவ உறை போட்டுக்கொள்ளுங்கள். விரலில் ஒரு புண்ணோ கட்டியோ வாரக்கணக்கில் ஆறாமல் இருந்தால், மீன் வளர்ப்பதை டாக்டரிடம் கட்டாயம் சொல்லிவிடுங்கள். அதைச் சொன்னால்தான் லேபில் வழக்கமான 37 டிகிரியோடு விடாமல், குறைந்த சூட்டிலும் வளர்த்துப் பார்ப்பார்கள்.