ஜெர்மனி வேலை அனுமதியோடு இருக்கிறேன். நெதர்லாந்தில் வேலை கிடைத்தால் அப்படியே போய்ச் சேர முடியுமா?

அப்படியே முடியாது. ஜெர்மனி கொடுத்த அட்டையை வைத்து மற்ற ஷெங்கன் நாடுகளில் எந்த 180 நாட்களிலும் 90 நாள் வரை தங்கலாம், அவ்வளவுதான். நினைத்த நாட்டில் வேலைக்குச் சேரும் சுதந்திரம் ஐரோப்பிய ஒன்றியக் குடிமக்களுக்குத்தான். இந்திய பாஸ்போர்ட் வைத்திருக்கும் நமக்கு இல்லை.

உங்கள் கையில் இருப்பது ப்ளூ கார்டு (உயர்திறன் வேலைக்கு வரும் வெளிநாட்டவருக்கு ஒன்றியச் சட்டப்படி தரும் வேலை அனுமதி) என்றால் கதை வேறு. நான் மியூனிக்கிலிருந்து நெதர்லாந்தின் ஐந்தோவனுக்கு மாறியது அதை வைத்துத்தான். 2021-ல் வந்த புதிய விதிப்படி, முதல் நாட்டில் ப்ளூ கார்டோடு 12 மாதம் இருந்தவர் விசா எடுக்காமலே இரண்டாவது நாட்டுக்குப் போகலாம். போய் ஒரு மாதத்துக்குள் அங்கே புது ப்ளூ கார்டுக்கு விண்ணப்பிக்க வேண்டும். முழு விண்ணப்பம் கொடுத்த நாளிலிருந்து அதிகபட்சம் 30 நாளில் வேலையைத் தொடங்க அந்த நாடு அனுமதித்தாக வேண்டும். சம்பளம் அந்த நாட்டு வரம்பைத் தொடணும். நெதர்லாந்தின் வரம்பு வருடா வருடம் மாறும், அந்நாட்டுக் குடிவரவுத் துறையான ஐ.என்.டி.யின் தளத்தில் பாருங்கள். டென்மார்க்கும் அயர்லாந்தும் இந்த ஏற்பாட்டில் இல்லை.

பலர் இடறுவது பி.ஆர். (நிரந்தரக் குடியிருப்பு) விஷயத்தில். ஜெர்மன் மொழியில் பி1 (இடைநிலை) தேர்ச்சி இருந்தால் ப்ளூ கார்டுக்காரர் 21 மாதத்திலேயே 'நீடர்லாசுங்ஸ்எர்லௌப்னிஸ்' என்ற ஜெர்மன் நிரந்தர அனுமதியை வாங்கிவிடலாம். நிரந்தரம் என்றதும் ஐரோப்பா முழுக்கச் செல்லும் என்று நினைத்துவிடுகிறார்கள். அது ஜெர்மனிக்கு மட்டும்தான். ப்ளூ கார்டுக்குப் பதிலாக அதை வாங்கினால், மேலே சொன்ன மாறும் உரிமையும் கையை விட்டுப் போகும். ஜெர்மனியிலேயே இருக்கப் போகிறவருக்கு அது நல்ல அனுமதி. வேறு நாடு போகும் எண்ணம் துளி இருந்தாலும் அவசரப்படாதீர்கள்.

அப்புறம், நெதர்லாந்து கம்பெனிகள் வழக்கமாக 'கென்னிஸ்மிக்ரான்ட்' என்ற தங்கள் நாட்டு உயர்திறன் வேலை அனுமதிக்குத்தான் விண்ணப்பிப்பார்கள். அவர்களுக்குப் பழகிய வழி அது. நீங்கள் ப்ளூ கார்டே வேண்டும் என்று ஆஃபர் பேசும்போதே கேளுங்கள். அப்படி வாங்கினால், பின்னால் மூன்றாவது நாட்டுக்கு மாற நெதர்லாந்தில் அந்தக் கார்டோடு 6 மாதம் இருந்தாலே போதும்.

ஜெர்மனியில் ஐந்து வருடத்தை நெருங்கிவிட்டீர்களா? அப்படியென்றால் கொஞ்சம் பொறுத்து, 'டௌவர்ஆஃப்என்ட்ஹால்ட் - இயூ' வாங்கிவிட்டுக் கிளம்புங்கள். இதுவும் நிரந்தர அனுமதிதான், ஆனால் ஒன்றியத்தின் சட்டப்படி தருவது. நெதர்லாந்தில் அனுமதி தனியாக வாங்கத்தான் வேண்டும். ஆனாலும் அங்கே வேலை சரிப்படாவிட்டால், ஆறு வருடத்துக்குள் ஜெர்மனிக்கு அதே அனுமதியில் திரும்பி வரலாம்.