‘மன்றத்துல வெச்சாச்சுங்க’ என்றால் அடுத்து என்ன கேட்பது?

வாசகர் கேள்வி: கொங்குப் பகுதியில் ஒரு சின்ன நகராட்சி எங்களுடையது. எங்கள் வீதியில் நாற்பது வீடுகள். பதினோரு வீட்டில் தறி ஓடுகிறது. சாக்கடை கிடையாது. ஐப்பசி மழைக்குத் தறிக்கூடத்துக்குள்ளேயே தண்ணீர் வந்துவிடுகிறது. ஒன்றரை வருடமாக அலைகிறோம். கவுன்சிலரைக் கேட்டால் “மன்றத்துல வெச்சாச்சுங்கண்ணா” என்கிறார். நகராட்சி ஆபீசில் “ஃபண்டு வரலைங்க” என்கிறார்கள். யார் சொல்வது உண்மை? சொத்து வரியை நிறுத்தினால் வழிக்கு வருவார்களா? இல்லை கோர்ட்டுக்குத்தான் போகணுமா?

பதில்: இருவர் சொல்வதும் உண்மையாக இருக்கலாம். அதுதான் இதில் உள்ள சிக்கல். முப்பது வருடம் நகராட்சி அலுவலகங்களில் குப்பை கொட்டியவன் என்ற முறையில் சொல்கிறேன்: “எப்போ சாக்கடை வரும்?” என்று கேட்கும் வரை உங்களுக்கு ஆறுதல்தான் கிடைக்கும். “தீர்மானம் எண் எத்தனை, எந்த நிதியில்?” என்று கேட்கிற அன்றைக்குத்தான் மேஜை டிராயர் திறக்கும்.

வரி விஷயத்தை முதலில் முடித்துவிடுகிறேன். நிறுத்தாதீர்கள். அரையாண்டு தொடங்கிய முதல் மாதத்தில், அதாவது ஏப்ரல் 30க்குள்ளும் அக்டோபர் 31க்குள்ளும் கட்டினால் 5 சதவீதம் ஊக்கத்தொகை உண்டு, உச்சவரம்பு 5,000 ரூபாய். தள்ளிப்போட்டால் மாதம் 1 சதவீதம் வட்டி ஏறும். அதைவிட முக்கியம், நாற்பது வீட்டுக்காரர்கள் சேர்ந்து மனு கொடுக்கப் போகும்போது பில் கலெக்டரைக் கூப்பிட்டு உங்கள் வீதியின் பாக்கிப் பட்டியலைக் கேட்பார்கள். நானே கேட்டிருக்கிறேன். பாக்கி இல்லாத வீதியின் குரலுக்கு அங்கே கொஞ்சம் கனம் அதிகம். இது எந்தச் சட்டத்திலும் எழுதியிருக்காது.

சரி, ‘மன்றத்துல வெச்சாச்சு’ என்பதற்கு வருவோம். இந்த ஒரு வாக்கியத்துக்குள் மூன்று அர்த்தம் இருக்கிறது. கூட்டத்தில் கவுன்சிலர் எழுந்து உங்கள் வீதியைப் பற்றிப் பேசியிருக்கலாம். மறுநாள் பேப்பரில்கூட வந்திருக்கும். ஆனால் பேச்சு பேச்சோடு போயிற்று, அதைக் கொண்டு ஒரு ரூபாய்கூடச் செலவழிக்க முடியாது. இரண்டாவது, உங்கள் வேலை மன்றப் பொருளாக அஜெண்டாவில் ஏறி, ‘ஒத்திவைக்கப்படுகிறது’ என்று முடிந்திருக்கலாம். மூன்றாவது, தீர்மானமே நிறைவேறியிருக்கலாம். மூன்றுக்கும் கவுன்சிலர் வாயில் வருவது ஒரே சொல்தான். அவர் ஏமாற்றுகிறார் என்று நான் சொல்லவில்லை. அவருக்கே பல நேரம் வித்தியாசம் தெரிவதில்லை. 2016 அக்டோபரில் பழைய மன்றங்கள் முடிந்த பிறகு, 2022 பிப்ரவரி 19 தேர்தல் வரை ஐந்து வருடத்துக்கு மேல் தனி அலுவலர்தான் மன்றம், அவரே கூட்டம், அவரே தீர்மானம். அதற்குப் பிறகு வந்த கவுன்சிலர்களில் நிறையப் பேர் அஜெண்டாத் தாளையே அப்போதுதான் முதல்முறையாகக் கையில் பிடித்தார்கள்.

அந்தத் தாள் எப்படி இருக்கும் என்று காட்டுகிறேன். மாதிரிக்கு நானே எழுதியது, ஆனால் நடை இதுதான்:

“பொருள் எண் 27. இந்நகராட்சி வார்டு எண் 9, மேற்கு வீதியில் மழைநீர் வடிகால் வசதி இல்லாததால் பொதுமக்கள் மிகவும் சிரமப்படுவதாக வார்டு உறுப்பினர் அவர்கள் தெரிவித்துள்ளதன் பேரில், மேற்படி பணிக்கு ரூ.9.80 இலட்சத்திற்கு மதிப்பீடு தயார் செய்யப்பட்டுள்ளது. மேற்படி பணியினை அரசு நிதி கோரி கருத்துரு அனுப்பிட மன்றத்தின் பார்வைக்கும் அனுமதிக்கும் வைக்கப்படுகிறது.”

கீழே ‘அலுவலகக் குறிப்பு: மன்றம் அனுமதிக்கலாம்’ என்று ஒரு வரி. அதற்கும் கீழே கூட்டம் முடிந்ததும் எழுதுகிற தீர்மானம்: ‘அனுமதிக்கப்பட்டது’.

சிரமம், மதிப்பீடு, ரூபாய் எல்லாவற்றையும் தாண்டி, ‘மேற்படி பணியினை’ என்பதற்கு அடுத்த நாலைந்து வார்த்தையைப் பாருங்கள். ‘நகராட்சி பொது நிதியிலிருந்து மேற்கொள்ள’ என்று இருந்தால் அடுத்தது டெண்டர். ‘அரசு நிதி கோரி கருத்துரு அனுப்பிட’ என்று இருந்தால், மன்றம் அனுமதித்தது ஒரு கடிதத்தைத்தான். அந்தக் கடிதம் மேலே போய், பட்டியலில் சேர்ந்து, எப்போதாவது ஏதாவது திட்டத்தில் இடம் கிடைத்தால் உண்டு. உங்கள் ஊர் ஆபீஸ்காரர்கள் ‘ஃபண்டு வரலை’ என்பதைக் கேட்டால் உங்களுடையது பெரும்பாலும் இந்த இரண்டாவது ரகம் என்றே தோன்றுகிறது. கவுன்சிலரும் பொய் சொல்லவில்லை, ஆபீசும் பொய் சொல்லவில்லை.

ஏன் பொது நிதியில் எழுதுவதில்லை? சின்ன நகராட்சியின் கைக்காசு அவ்வளவுதான். சொத்து வரி, காலிமனை வரி, தொழில் வரி, குடிநீர்க் கட்டணம், கடை வாடகை, பஸ் ஸ்டாண்டு குத்தகை, அப்புறம் வாரச்சந்தை. புஞ்சைப் புளியம்பட்டி மாதிரி பெரிய சந்தை கூடுகிற ஊருக்குச் சந்தைக் குத்தகை நல்ல வரவு. எல்லா ஊருக்கும் அந்த யோகம் இல்லை. வந்த பணத்தில் சம்பளம், ஓய்வூதியம், தெருவிளக்குக்கும் மோட்டாருக்கும் கரண்ட் பில், குப்பை அள்ளும் ஒப்பந்தம் போக மிச்சம்தான் உங்கள் சாக்கடை, பக்கத்து வீதிச் சிறுபாலம், இன்னொரு வார்டின் போர்வெல் எல்லாமே. அரசிடமிருந்து வரும் பணத்திலும், மத்திய நிதிக்குழு மானியத்தில் ஒரு பகுதியைக் குடிநீருக்கும் சுகாதாரத்துக்கும் மட்டும் என்று கட்டிப்போட்டுத்தான் அனுப்புகிறார்கள்.

இதற்கு வெளியே இரண்டு பாதை இருக்கிறது. ஒன்று சட்டமன்ற உறுப்பினரின் தொகுதி மேம்பாட்டு நிதி. நாற்பது வீட்டுச் சாக்கடை அந்தக் கணக்கில் சின்ன வேலை. மதிப்பீட்டு நகலோடு போய்க் கேட்டால் மறுக்க அவருக்கும் காரணம் கிடைக்காது, வெறும் கையோடு போனால் ‘பார்க்கலாம்’ என்பார். இன்னொன்று நமக்கு நாமே திட்டம். பொதுவாக மதிப்பீட்டில் மூன்றில் ஒரு பங்கை மக்கள் போட வேண்டும், மீதியை அரசு போடும். ரூ.9.80 இலட்சம் என்றால் உங்கள் பங்கு சுமார் 3.27 இலட்சம். நாற்பது வீட்டுக்குப் பிரித்தால் தலைக்கு எட்டாயிரத்துச் சொச்சம். “வரியும் கட்டி, இதையும் கட்டணுமா?” என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். ஆனால் ஒரு மழைக்குத் தறியில் நனைந்த பாவின் விலையை நீங்களே கணக்குப் போட்டுப் பாருங்கள். ஊர்க்கூட்டம் போட்டுக் கோயிலுக்கு வரி பிரிக்கத் தெரிந்த ஊர்களில் இந்தத் திட்டம் நன்றாகவே நடந்திருக்கிறது.

இனி நீங்கள் கேட்காத இரண்டு விஷயம். உங்கள் வேலை பணத்தால் நின்றிருக்கிறது என்று நீங்கள் நினைக்கலாம், உண்மையில் இந்த இரண்டில் ஒன்றால் நின்றிருக்கலாம்.

முதலாவது, அந்த வீதி யாருடையது? மனைப்பிரிவு போட்டவர் சாலையையும் பூங்கா இடத்தையும் நகராட்சிக்குத் தானப் பத்திரம் எழுதிக் கொடுத்தாரா? கொடுக்கவில்லை என்றால் ஏட்டில் அது இன்னும் தனியார் நிலம். அங்கே நகராட்சிப் பணத்தைப் போட்டால் தணிக்கையில் பொறியாளருக்குத்தான் ஆட்சேபணை வரும், அதனால் அவர் வாயைத் திறக்காமல் கோப்பைச் சும்மா வைத்திருப்பார். நான் வேலை பார்த்த ஒரு ஊரில் ஆறு வருடம் ‘நிதி இல்லை’ என்றே பதில் போன ஒரு வீதிக்கு, கடைசியில் இதுதான் காரணம் என்று தெரிந்தது. மனை விற்றவரின் பிள்ளைகளைக் கண்டுபிடித்துப் பத்திரம் எழுதி வாங்கினார்கள். அடுத்த நிதியாண்டிலேயே வேலை நடந்தது. ஆறு வருடம் ஒருவரும் அவர்களிடம் இதைச் சொல்லவில்லை, எனக்கு இன்றும் அது உறுத்தல்தான். ஆகவே சாலைப் பதிவேட்டில் உங்கள் வீதி ஏறியிருக்கிறதா என்று கேளுங்கள்.

இரண்டாவது, தண்ணீர் எங்கே போய் விழும்? சாக்கடை கட்டுவது சுலபம். அதன் கடைசிக் கல்லுக்கு அப்புறம் என்ன என்பதுதான் பொறியாளரின் தலைவலி. கோயம்புத்தூரில் ஆர்.எஸ். புரம் என்று ஒரு பகுதியே இருக்கிறது, நகராட்சித் தலைவராக இருந்து ஊருக்குச் சிறுவாணித் தண்ணீர் வரப் பாடுபட்ட ரத்தினசபாபதி முதலியார் பெயரில். தண்ணீர் கொண்டுவந்தவர் பெயர் நிற்கிறது. அந்தத் தண்ணீர் வீட்டிலிருந்து எந்த வழியாக வெளியே போகணும் என்று மண்டையை உடைத்துக்கொண்டவர் பெயரை யாரும் வைத்துக்கொள்ளவில்லை. உங்கள் வீதியின் தாழ்ந்த முனை எது? அங்கே ஏற்கெனவே பெரிய சாக்கடை இருக்கிறதா? அது நெடுஞ்சாலைத் துறைச் சாலையோரம் என்றால் அவர்களின் அனுமதி வேண்டும். பாசன வாய்க்காலில் விடுவதாக இருந்தால் கேட்கவே வேண்டாம், கீழே உள்ள விவசாயிகள் விடமாட்டார்கள், விடவும் கூடாது. காலிங்கராயன் வாய்க்காலுக்கு ஊர்ச் சாக்கடையாலும் சாய ஆலையாலும் என்ன கதி வந்தது என்று ஈரோட்டுப் பக்கத்துக்காரர்களுக்குத் தெரியும். ஒரு மழை நாளில் குடையைப் பிடித்துக்கொண்டு நின்று, தண்ணீர் தானாக எந்தப் பக்கம் ஓடுகிறது என்று செல்போனில் படம் எடுத்து வையுங்கள். லெவல் பார்க்க வருகிற ஓவர்சியருக்கு அதைவிட நல்ல உதவி கிடையாது.

இதையெல்லாம் வாய்மொழியாகக் கேட்டால் ஆளுக்கொரு பதில் வரும். தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். பொதுத் தகவல் அலுவலருக்கு வெள்ளைத் தாளில் எழுதி, பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டினால் போதும். முப்பது நாளில் பதில் தர வேண்டும். நகலுக்குப் பக்கம் இரண்டு ரூபாய். ‘ஏன் சாக்கடை போடவில்லை?’ என்று எழுதாதீர்கள். ‘ஏன்’ என்ற கேள்விக்குக் கோப்பில் பதில் இருக்காது, அதனால் தள்ளிவிடுவார்கள். இருக்கிற காகிதத்தைக் கேளுங்கள்: இந்த வார்டு, இந்த வீதி வடிகால் பற்றி இந்தத் தேதி முதல் இந்தத் தேதி வரை மன்றத்தில் வைத்த பொருளின் நகல், தீர்மானத்தின் எண்ணும் நகலும், மதிப்பீட்டின் நகல், கருத்துரு அனுப்பியிருந்தால் அந்தக் கடிதத்தின் நகல், சாலைப் பதிவேட்டில் எங்கள் வீதி உள்ள பக்கத்தின் நகல், கோப்பு இப்போது எந்த அலுவலரிடம் எந்தத் தேதியிலிருந்து இருக்கிறது. கடைசிக் கேள்வியை விட்டுவிடாதீர்கள். அந்தக் கேள்வி வந்த அன்றைக்கே கோப்பு ஒரு மேஜை நகர்ந்ததை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். பதிலே வராவிட்டால் அடுத்த முப்பது நாளுக்குள் மேல்முறையீடு.

முதல்வரின் முகவரி 1100க்குப் போன் போடலாமா, திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர்க்கும் நாளில் மனுக் கொடுக்கலாமா என்றும் கேட்பீர்கள். கொடுங்கள், ஆனால் இந்த நகல்கள் கைக்கு வந்த பிறகு. இப்போதே கொடுத்தால் மனு சுற்றி வந்து அதே ஆணையாளர் மேஜைக்குத்தான் வரும். ‘நிதி ஆதாரத்தைப் பொறுத்து நடவடிக்கை எடுக்கப்படும்’ என்று ஒரு வரி எழுதி மனுவை முடித்துவிடுவார்கள், உங்கள் செல்போனுக்குக் குறுஞ்செய்தியும் வந்துவிடும். கோர்ட்டும் அப்படித்தான். ரிட் போட்டால் பெரும்பாலும் கிடைப்பது ‘மனுவை இத்தனை வாரத்தில் பரிசீலியுங்கள்’ என்ற உத்தரவு. வக்கீல் பீஸ் கொடுத்து அதை வாங்குவதற்கு முன் பத்து ரூபாய் ஸ்டாம்பை முயன்று பாருங்கள்.

காலமும் பார்க்க வேண்டும். நகராட்சி பட்ஜெட் மார்ச்சுக்குள் மன்றத்துக்கு வரும். அதற்கான கணக்கு தை, மாசியிலேயே பேசி முடிந்துவிடும். சித்திரையில் போய் நின்றால் அந்த வருடம் போச்சு. மார்கழிக்குள் நாற்பது வீட்டுக் கையெழுத்தோடு ஆணையாளர் பெயருக்கு மனு கொடுத்து, தபால் பிரிவில் உங்கள் நகலில் தேதி முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். இன்னொரு நகல் கவுன்சிலருக்கு. அவரைப் பகைத்துக்கொள்ளாதீர்கள். “அண்ணா, இந்தத் தடவை பொருள்ல ‘பொது நிதியிலிருந்து’ன்னு எழுத வையுங்க” என்று குறிப்பாகக் கேட்டால் அவருக்கும் தலைவரிடம் மல்லுக்கட்ட ஒரு பிடி கிடைக்கும். வார்டு மக்கள் கூடிக் குறை சொல்லும் பகுதி சபாக் கூட்டம் உங்கள் வார்டில் நடந்தால் அங்கேயும் இதே வாசகத்தில் கேட்டு, குறிப்பேட்டில் எழுதச் சொல்லுங்கள்.

பொருள் நிறைவேறி, டெண்டர் விட்டு, பணி ஆணை கொடுத்து ஆள் இறங்கினால், மதிப்பீட்டு நகலை வீட்டில் பூட்டி வைக்காதீர்கள். அதில் சாக்கடையின் நீளம், அகலம், ஆழம், அடியில் போடும் கான்கிரீட்டின் கனம் எல்லாம் இருக்கும். இஞ்சினியர் எம் புக்கில், அதாவது அளவுப் புத்தகத்தில், அளவு எழுதும் நாளில் வீதிக்காரர் ஒருவர் டேப்போடு பக்கத்தில் நின்றாலே பாதி வேலை ஒழுங்காக நடக்கும். தோண்டும்போது குடிநீர்க் குழாய் உடையும், அதைச் சரிசெய்வது யார் பொறுப்பு என்று முதல் நாளே கேட்டுவிடுங்கள். கான்கிரீட் போட்ட பிறகு தண்ணீர் விடுவதில்தான் ஒப்பந்ததாரர்கள் அதிகம் கைவைப்பார்கள். ஒரு வாரமாவது காலை, மாலை நனைய வேண்டும். லாரித் தண்ணீருக்குக் காத்திருக்காமல் யாராவது ஒரு வீட்டு மோட்டாரில் ஹோஸ் பைப்பைப் போட்டு விட்டுவிடுங்கள். வெயில் ஏறுவதற்குள் ஒரு தடவை, தறி நிறுத்துகிற நேரத்துக்கு ஒரு தடவை.