இடித்துச் சொல்ல ஒரு ஆள்: வாசகர் கேள்வி பதில்

போன இதழில் ஷேக்ஸ்பியரின் மக்பெத்தைப் பற்றி எழுதினாலும் எழுதினேன், கடிதங்கள் குவிந்துவிட்டன. பலர் அமெரிக்க ஜனாதிபதிகளையும் உள்ளே இழுத்திருக்கிறார்கள். இடம் இருக்கிறவரை பதில் சொல்கிறேன்.

தலைவராக வேண்டும் என்று ஆசைப்படுவதே தப்பா? மக்பெத்தைக் கெடுத்தது ஆசைதானே?
*உயர்தர வகுப்பு மாணவி, மஸ்கெலியா*

ஆசைதான் கெடுக்கும் என்றால் அவனுடைய சக தளபதி பாங்கோவும் கெட்டிருக்க வேண்டும், மகளே. மக்பெத் ராஜாவாவான் என்று சூனியக்காரிகள் சொன்னதை இரண்டு பேரும் ஒன்றாக நின்றுதான் கேட்டார்கள். உன் வம்சம் அரசாளும் என்று பாங்கோவுக்கும் சொன்னார்கள். அவன் கத்தியைத் தொடவில்லை. மக்பெத்கூட முதலில் பின்வாங்குகிறான். ராஜாவைக் கொல்லும் இந்தக் காரியம் இத்தோடு போதும் என்று மனைவியிடம் சொல்கிறான். 'சரி, விடுங்க' என்று அவள் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். அவளோ, நீ ஒரு ஆம்பிளையா என்கிற மாதிரி குத்திக் காட்டுகிறாள்.

ஷேக்ஸ்பியரின் சீசர் கதை இதற்கு நேர்மாறு. மனைவி கல்பூர்னியா கெட்ட கனவு கண்டுவிட்டு, இன்றைக்கு வெளியே போகாதீர்கள் என்று கெஞ்சுகிறாள். அவனும் இணங்கிவிடுகிறான். அப்புறம் சதிகாரன் ஒருவன் வந்து அதே கனவுக்கு நல்ல பலன் சொல்லி, இன்றைக்கு உங்களுக்கு முடிசூட்டப் போகிறார்கள் என்றதும் கிளம்பிப் போய்விடுகிறான்.

இந்தக் காட்சியைப் படிப்பிக்கும்போதெல்லாம் எங்கள் தோட்டத்துக் காமன் கூத்துதான் எனக்கு ஞாபகம் வரும். மாசிப் பனியில் கம்பளியைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருப்போம். தப்பு மேளம் முழங்க, ரதி வேஷம் கட்டிய அண்ணன் மன்மதனின் கையைப் பிடித்து, சிவன் தவத்தைக் கலைக்கப் போகாதே என்று அழுது பாடுவார். மன்மதன் போவான், எரிவான் என்று அங்கே இருக்கிற குழந்தைக்கும் தெரியும். ஆனாலும் எங்கள் அப்பாயி ஒவ்வொரு வருஷமும், "கேளுடா, அவ சொல்றதக் கேளுடா" என்று சத்தம் போடுவார்.

1972இல் 49 மாநிலங்களில் வென்ற நிக்சன், ஒரு திருட்டுத்தனத்தை மறைக்கப் போய் ஏன் பதவியை இழந்தார்?
*வாசகர், பண்டாரவளை*

அந்த வருஷம் ஜூன் 17ஆம் திகதி, வாட்டர்கேட் கட்டடத்தில் எதிர்க்கட்சி அலுவலகத்துக்குள் புகுந்த ஐந்து பேர் பிடிபட்டார்கள். புகச் சொன்னவர் நிக்சன்தான் என்று நிரூபணமாகவில்லை. ஆறு நாள் கழித்து நடந்ததுதான் அவரைக் கவிழ்த்தது. விசாரணையை நிறுத்த உளவுத்துறையைப் பயன்படுத்தலாம் என்று உதவியாளர் சொன்ன யோசனைக்கு அவர் சம்மதித்தார். அது அவரே பொருத்திவைத்த ஒலிப்பதிவுக் கருவியில் பதிந்துவிட்டது. 1974 ஜூலை 24ஆம் திகதி, நாடாக்களைக் கொடுத்தே ஆக வேண்டும் என்று உயர் நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. ஆகஸ்ட் 9ஆம் திகதி பதவி விலகினார். நடுவில் இரண்டு வருஷத்துக்கு மேல் போய்விட்டது. அந்த இரண்டு வருஷத்தில் எந்த நாளிலாவது எழுந்து நின்று, தப்பு நடந்துவிட்டது என்று அவர் சொல்லியிருக்கலாம்.

அது எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியும். என் அப்பா தோட்டத்தில் தொழிற்சங்கத் தலைவராக இருந்தவர். எனக்குப் பத்து வயது இருக்கும்போது, தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டும் ஒரு அண்ணன் சங்கச் சந்தாவைக் கட்டிவிட்டேன் என்றார். அப்பா இல்லை என்றார். பேச்சு முற்றி, காலையில் வேலைக்கு ஆட்கள் கூடும் பெரட்டுக்களத்தில் எல்லாருக்கும் முன்னால், "நீ பொய் சொல்ற" என்று சொல்லிவிட்டார். அந்த அண்ணன் தலையைக் குனிந்துகொண்டு மலைக்குப் போனார்.

பத்து நாள் இருக்கும். அம்மா கொழுந்து நிறுத்துவிட்டு வந்து, இடுப்பில் கட்டிய படங்கைக்கூட அவிழ்க்காமல், அப்பாவின் பழைய கோட்டைத் தைக்க எடுத்தார். பைக்குள் ஒரு ஓட்டை. உள்துணிக்குள் விரலை விட்டுத் துழாவினால், மடித்த காகிதத்துக்குள் காசு. காகிதத்தில் அந்த அண்ணனின் பெயர், அப்பாவின் கோணல் எழுத்திலேயே. அம்மா அதை அடுப்புப் பக்கத்தில், அப்பாவின் தேத்தண்ணிக் கோப்பைக்கு அருகில் வைத்தார். அப்பா வெகுநேரம் பேசவில்லை. நாளைக்கு அவனைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லிவிடுகிறேன் என்றார். அம்மா திரும்பிக்கூடப் பார்க்காமல், "ஊருக்கு முன்னால சொன்னத ஊருக்கு முன்னாலதான் திருப்பி எடுக்கணும்" என்றார்.

மறுநாள் பெரட்டில் அப்பா முன்னால் வந்து நின்றார். காசையும் காகிதத்தையும் உயர்த்திக் காட்டினார். "அவன் கட்டியிருக்கான். என் கோட்டுக்குள்ளதான் இருந்துச்சு. நான்தான் பொய்க்காரன்" என்றார். அந்த அண்ணன் ஒன்றும் பேசவில்லை. கவ்வாத்துக் கத்தியைத் தோளில் போட்டுக்கொண்டு மலைக்கு ஏறினார். அன்றைக்குத் தலை நிமிர்ந்திருந்தது.

வெள்ளை மாளிகையில் நிக்சனுக்குப் பக்கத்தில் எத்தனையோ கெட்டிக்கார வழக்கறிஞர்கள் இருந்தார்கள். எதிரிகளின் பெயர்ப் பட்டியல்கூட எழுதி வைத்திருந்தார்கள். விலகும் அன்று ஊழியர்களிடம் பேசும்போது அவரே சொன்னார்: உங்களை வெறுப்பவர்களை நீங்களும் வெறுத்தால்தான் அவர்கள் ஜெயிப்பார்கள், அப்போது உங்களை நீங்களே அழித்துக்கொள்வீர்கள் என்று. எனக்கு அவர்மேல் கோபத்தைவிட வருத்தம்தான் அதிகம்.

லிங்கனைப் பற்றிச் சொல்வதெல்லாம் மிகைதானே?
*வாசகர், இராகலை*

குறை இருந்தது. 1858இல் தேர்தல் விவாத மேடையில், கறுப்பினத்தவருக்கு வாக்குரிமை கொடுக்கும் எண்ணம் தனக்கு இல்லை என்று பேசியவர்தான் அவர். அதை மறைக்கக் கூடாது. ஆனால் அங்கேயே நின்றுவிடவில்லை. 1865 ஏப்ரல் 11ஆம் திகதி, கறுப்பினத்தவரில் நல்ல அறிவுள்ளவர்களுக்கும் படைவீரராக இருந்தவர்களுக்குமாவது வாக்குரிமை கிடைப்பதை விரும்புகிறேன் என்றார். அந்தக் கூட்டத்தில் நின்று கேட்டவர்களில் ஒருவன்தான் மூன்று நாளில் அவரைச் சுட்டான்.

எனக்கு அவரிடம் மிகவும் பிடித்தது வேறு. 1855இல் ஒரு வழக்கில் ஸ்டான்டன் என்ற பெரிய வழக்கறிஞர் அவரைப் பட்டிக்காட்டான் மாதிரி ஒதுக்கி அவமானப்படுத்தினார். 1862இல், போர் நடக்கும்போது, அதே ஸ்டான்டனைத்தான் லிங்கன் போர்ச் செயலாளராக வைத்துக்கொண்டார். முகத்துக்கு நேரே திட்டக்கூடிய மனிதர் என்று தெரிந்தே வைத்துக்கொண்டார். 'இடிப்பாரை இல்லாத ஏமரா மன்னன் கெடுப்பார் இலானும் கெடும்' என்ற குறளை வகுப்பில் சொல்லும்போது நான் ஸ்டான்டனையும் சேர்த்தே சொல்லுவேன்.

ஜனாதிபதி லிண்டன் ஜோன்சன் நல்லவரா, கெட்டவரா?
*வாசகி, தலவாக்கலை*

மலையகத்தவர்கள் அவரை லேசில் தள்ளிவிட முடியாது. 1928இல், இருபது வயதில், டெக்சஸில் கொட்டுல்லா என்ற சின்ன ஊரில் ஏழை மெக்சிக்க வம்சாவளிப் பிள்ளைகளுக்குப் படிப்பித்தவர் அவர். காலையில் சாப்பிடாமல் வகுப்புக்கு வந்த அந்தப் பிள்ளைகளை ஜனாதிபதியான பிறகும் மறக்கவில்லை. 1965இல் வாக்குரிமைச் சட்டத்தைக் கேட்டுக் காங்கிரஸில் பேசியபோது அவர்களைச் சொன்னார். தென் மாநிலங்களில் எழுத்தறிவுச் சோதனை என்ற பெயரில் கறுப்பின மக்களின் வாக்கைப் பறித்து வந்தார்கள். அந்த வருஷம் ஆகஸ்ட் 6ஆம் திகதி அவர் கையெழுத்திட்ட சட்டம் அந்தக் கதவைத் திறந்தது.

இங்கே 1947 தேர்தலில் நம் ஆட்கள் வாக்களித்து ஏழு பேரைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பினார்கள். 1948இல் பிரஜாவுரிமைச் சட்டம் வந்தது, பின்னாலேயே வாக்கும் போனது. என் தாத்தா வாக்களித்தது அந்த ஒரே ஒரு தேர்தலில்தான். அதனால் 1965இன் அந்தச் சட்டத்தைப் பற்றிப் படிக்கும்போது எனக்குத் தொண்டை அடைக்கும்.

ஆனால் வியட்நாமில் அவர் ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்ட படையினரைக் கொண்டுபோய்க் குவித்தார். இதில் ஒரு விஷயம் என்னை உறுத்திக்கொண்டே இருக்கிறது. அவருக்கு இடித்துச் சொல்ல ஆள் இருந்தார். ஜோர்ஜ் போல் என்ற அதிகாரி, இது வெல்ல முடியாத போர் என்று 1965இலேயே எழுதியும் சொல்லியும் பார்த்தார். ஜோன்சன் பொறுமையாகக் கேட்டார். கேட்டுவிட்டுப் படையை அனுப்பினார்.

கம்பன் காட்டும் ராவணனும் இப்படித்தான். கும்பகர்ணன் நிறைந்த சபையில் அண்ணனைப் பார்த்து, 'பேசுவது மானம், இடைபேணுவது காமம், கூசுவது மானுடரை, நன்று நம் கொற்றம்!' என்கிறான். அதைவிடக் கூர்மையாக எந்தத் தம்பி சொல்ல முடியும்? ராவணன் காதில் விழத்தான் செய்தது. ஜோன்சன் 1968 மார்ச் 31ஆம் திகதி, இனிமேல் தேர்தலில் நிற்கமாட்டேன் என்று அறிவித்தார். அந்த வருஷம் செத்த பிள்ளைகளின் தாய்மாருக்கு அதனால் என்ன கிடைத்தது?

நல்லவரா, கெட்டவரா என்று ஒரு சொல்லில் கேட்டால் எனக்குப் பதில் வரவில்லை, தங்கச்சி.

தலைமைக்கு வர நினைக்கும் இளைஞர்கள் எதை முதலில் படிக்க வேண்டும்?
*வாசகர், ஹட்டன்*

சிலப்பதிகாரத்தில் வழக்குரை காதை. சிலம்பு உடைகிறது, 'மன்னவன் வாய்முதல் தெறித்தது மணியே'. அடுத்த மூச்சில் பாண்டியன், 'யானோ அரசன், யானே கள்வன்' என்கிறான். காவலர்களைக் கேட்கவில்லை, பொற்கொல்லனைக் கூப்பிடவில்லை.

நான் ஆசிரியையான பிறகு, ஒருநாள் வீட்டு இஸ்தோப்புத் திண்ணையில் உட்கார்ந்து இதை அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். கண் பார்வை மங்கிப்போயிருந்த காலம். இன்னொரு தரம் படிக்கச் சொன்னார்.

"மணி தெறிச்ச உடனேயே சொல்லிட்டானா?"

"ஆமாப்பா."

கொஞ்ச நேரம் கழித்து, "எனக்கு ஒரு ராத்திரி போச்சே" என்றார்.