காமிகோச்சியில் ஒரு நாள் நடை: தனி வழிகாட்டி வேண்டுமா?

கேள்வி: அக்டோபர் கடைசி வாரம் ஜப்பான் போகிறோம். நான், மனைவி, 64 வயது அம்மா, 10 வயது மகள். மட்சுமோட்டோவில் 2 இரவு தங்கி, ஒரு நாள் காமிகோச்சி பள்ளத்தாக்கில் நடக்க ஆசை. தனி வழிகாட்டியை அமர்த்தலாமா? அவரிடம் என்னென்ன பேசி முடிவு செய்ய வேண்டும்? நாங்கள் சைவம்.

பதில்: வழி தெரியாது என்பதற்காக மட்டும் என்றால் வழிகாட்டி வேண்டாம். காமிகோச்சியின் அடிவாரப் பாதை கிட்டத்தட்ட சமதளம். திருப்பங்களில் ஆங்கிலப் பலகைகள் உண்டு. உயரம் சுமார் 1,500 மீட்டர்தான் என்பதால் மூச்சுத் திணறலுக்குப் பயப்பட வேண்டியதில்லை. ஆனால் அங்கே பார்ப்பது எதுவும் தன் கதையைத் தானாகச் சொல்லாது. 3,190 மீட்டர் ஒகுஹோதகா சிகரத்தின் காலடியில் இவ்வளவு தட்டையான நிலம் எப்படி வந்தது? யாகேதாகே எரிமலைத் தொகுதி சுமார் 12,000 ஆண்டுகளுக்கு முன் அசுசா ஆற்றை மறித்தது. அதனால் உருவான ஏரியில் வண்டல் நிரம்பியே இந்தத் தரை உண்டானது. அதே மலை 1915இல் வெடித்து ஆற்றை மீண்டும் தடுத்தபோது பிறந்தது தைஷோ குளம். அதுவும் ஆண்டுதோறும் மணல் சேர்ந்து சுருங்கிவருகிறது. இதையெல்லாம் அந்தந்த இடத்தில் நிறுத்திக் காட்டவும், அம்மாவின் வேகத்துக்கு நாளை அமைக்கவும்தான் வழிகாட்டிக்குப் பணம் கொடுக்கிறீர்கள். பெரும்பாலும் குழுவுக்கு இவ்வளவு என்றுதான் தனி வழிகாட்டிக்குக் கட்டணம். நால்வர் பகிர்ந்துகொள்வதால் அமர்த்தலாம் என்பதே எங்கள் கருத்து.

யாரை அமர்த்துவது? 2018 முதல் ஜப்பானில் உரிமம் இல்லாதவரும் பணம் பெற்று வெளிநாட்டவருக்கு வழிகாட்டலாம். ஆகவே மொழி நன்றாகப் பேசுகிறார் என்பது மட்டும் போதாது. ஜப்பான் மலை வழிகாட்டிகள் சங்கத்தின் சான்றோ, காமிகோச்சி இருக்கும் நாகானோ மாகாணத்தின் பதிவோ, காமிகோச்சியிலேயே பருவம் முழுக்க வேலை செய்யும் அனுபவமோ இருக்கிறதா என்று கேளுங்கள். டோக்கியோவிலிருந்து கூடவே வரும் நகர வழிகாட்டி ரயில் ஏற்றிவிட உதவுவார். காட்டைப் பற்றிச் சொல்ல அவரிடம் அதிகம் இருக்காது.

பலர் ஏமாறும் இடம் வண்டி. காமிகோச்சிக்குள் சொந்தக் கார்களுக்கு ஆண்டு முழுதும் அனுமதி இல்லை. ‘ஹோட்டலிலிருந்து அழைத்துச் செல்வோம்’ என்று எழுதியிருந்தாலும், வருவது சொந்தக் கார் என்றால் பள்ளத்தாக்குக்கு வெளியே சவாண்டோ வாகன நிறுத்தத்தில் இறங்கிப் பஸ்ஸுக்கோ டாக்சிக்கோ மாறியே ஆக வேண்டும். வழிகாட்டி தன் சொந்தக் காரில் ஏற்றிக் கூலி வாங்குவது சட்டப்படி தவறு. கூலிக்கு ஆளேற்ற உரிமம் பெற்ற டாக்சி போன்ற வண்டியின் எண் பலகை பச்சை நிறத்தில் இருக்கும், வெள்ளையில் அல்ல. சாதாரண டாக்சியில் பயணிகள் 4 பேர்தான். வழிகாட்டியோடு நீங்கள் 5 பேர், பெரிய டாக்சியை முன்கூட்டியே கேட்க வேண்டும். எளிய வழி: மட்சுமோட்டோவிலிருந்து ஷின்-ஷிமாஷிமா வரை ரயில், அரை மணி நேரம், அங்கிருந்து பஸ், ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல். போகவும் வரவும் இருக்கைகளை முன்பதிவு செய்துவிடுங்கள். அக்டோபர் இலையுதிர்க் கூட்டம் பெரியது. மகளுக்குப் பாதிக் கட்டணம். வழிகாட்டியை உள்ளேயே சந்திப்பதாகப் பேசினால் அவருடைய பயண நேரத்துக்கான செலவும் குறையும்.

கடைசி நிறுத்தம் வரை போகாமல் தைஷோ குளம் நிறுத்தத்தில் இறங்குங்கள். காலையில், காற்று எழும் முன்தான் குளத்தில் ஹோதகா மலை தெளிவாகத் தெரியும். அங்கிருந்து தாஷிரோ குளம், ஜப்பானில் மலையேற்றத்தைப் பரப்பிய ஆங்கிலேயப் பாதிரியார் வெஸ்டனின் நினைவுப் பலகை வழியாகக் கப்பா தொங்குபாலம் வரை சுமார் 4 கி.மீ.; நிற்காமல் நடந்தால் ஒரு மணி நேரம் சொச்சம், வழிகாட்டியோடு இரண்டு மணி நேரம். அங்கே சாப்பிட்டு ஓய்வெடுத்த பிறகு, அம்மாவின் முழங்கால் எப்படி இருக்கிறது என்று பார்த்து மேலே போவதைத் தீர்மானியுங்கள். ஆற்றின் இடக்கரையில் (ஆறு ஓடும் திசையைப் பார்த்து இடம், வலம்) மியோஜின் வரை ஒரு மணி நேரம். பாலம் கடந்து ஹோதகா கோயிலின் மியோஜின் குளத்தைப் பாருங்கள். அதற்குச் சிறு நுழைவுக் கட்டணம் உண்டு. வலக்கரையில் தாகேசவா சதுப்பு வழியாகத் திரும்பலாம். இந்தச் சுற்று சுமார் 7 கி.மீ. இரண்டையும் சேர்த்தால் நிறுத்தங்களோடு ஆறு மணி நேரம். அதற்கும் அப்பால் உள்ள தொகுசவா அழகான இடம்தான், ஆனால் இந்தக் குடும்பத்துக்கு ஒரே நாளில் அது வேண்டாம். அம்மா கப்பா பாலத்தோடு நிறுத்த விரும்பினால் என்ன செய்வது என்பதையும் முன்பே பேசிவிடுங்கள். ஒரே வழிகாட்டியால் குழுவை இரண்டாகப் பிரித்து நடத்த முடியாது.

வலக்கரையின் மரப்பலகைப் பாதையில் கவனம் தேவை. அக்டோபர் கடைசியில் விடியற்காலை வெப்பநிலை பூஜ்யத்தை ஒட்டி இறங்கும். உறைபனி படிந்த பலகை வழுக்கும். மதியம் வலக்கரைக்கு வரும்படி மேலே சொன்ன வரிசையை அமைத்ததற்கு அதுவும் ஒரு காரணம். பிடிமானமுள்ள அடிப்பகுதி கொண்ட ஷூ, கம்பளி உள்ளாடை, மேலே காற்று புகாத மழைச்சட்டை, கையுறை போதும். பருத்தி பனியன் வியர்வையில் நனைந்து உடம்பைக் குளிர வைக்கும், தவிர்க்கவும். மழை பெய்தாலும் நடை பொதுவாக நடக்கும். ஆனால் கனமழையில் சாலையையே மூடிவிடுவார்கள். ‘சாலை மூடினால் முழுப் பணமும் திரும்ப வருமா’ என்பதை எழுத்தில் வாங்குங்கள்.

குரங்குகள் பாதையிலேயே உட்கார்ந்திருக்கும். கண்ணுக்குக் கண் பார்க்காமல், உணவுப் பையைத் திறக்காமல், விலகிக் கடந்து போங்கள். கரடிகளும் உள்ள காடு இது. மகளை முன்னால் தனியாக ஓட விடாதீர்கள். இலை, கல், பூ எதையும் எடுக்கக் கூடாது. குப்பையை உங்களோடே கொண்டுபோக வேண்டும். கழிப்பறைகளில் பராமரிப்புக்காக 100 யென் போடச் சொல்வார்கள், சில்லறை வைத்திருங்கள்.

சைவத்துக்கு அங்குள்ள கடைகளை நம்ப வேண்டாம். காய்கறி சோபா நூடுல்ஸ் என்றாலும் சாறு பெரும்பாலும் மீனில் செய்தது. மட்சுமோட்டோவிலேயே உப்பு மட்டும் சேர்த்த சோற்று உருண்டை, வாழைப்பழம், கொட்டைகள் வாங்கிக்கொள்ளுங்கள். ‘மீன், இறைச்சி, முட்டை, அவற்றின் சாறு எதுவும் வேண்டாம்’ என்று வழிகாட்டியிடம் ஜப்பானிய மொழியில் எழுதி வாங்கிவைத்தால் மட்சுமோட்டோ உணவகங்களிலும் உதவும்.

திரும்பும்போது தைஷோ குளத்தில் பஸ் ஏற நினைக்காதீர்கள்; கூட்ட நாளில் அது நிரம்பியே வரும். கப்பா பாலத்துக்கு அருகிலுள்ள பஸ் நிலையத்திலேயே ஏறுங்கள். கடைசி பஸ்ஸுக்கு முந்தைய பஸ்ஸைப் பிடிக்கும்படி நாளை முடியுங்கள். இரவில் காமிகோச்சிச் சாலையின் நுழைவாயிலான காமா சுரங்கப்பாதையின் கதவு மூடிவிடும், பிறகு டாக்சியும் வர முடியாது.